மற்றவைக்கு முன்னால் இரண்டு நட்சத்திரம்

என் வீட்டுக்காரர் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. யார் எதைக் கேட்டாலும் "ஆங்" என்பார். திருத்தணியில் மலை ஏறுகிற ரோட்டோரம் எங்களுக்குக் கல்யாணச் சாமான் கடை. மலையில் கல்யாணம் வைப்பவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மஞ்சள், தேங்காய், நவதானியம், அரசாணிக்கால், ஓமத்துக்கு நெய், ஐயர் கேட்கிற தொன்னை வரைக்கும் மூட்டையாகக் கட்டி மண்டபத்திலேயே இறக்கிவிடுவோம். போனை எடுப்பது அவர். "ஆங், வெச்சிடலாங்க" என்பார். போனை வைத்ததும் மறந்துவிடுவார்.

ஒரு தடவை ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் முளைப்பாலிகைக்கு முளைவிட்ட தானியம் கேட்டிருந்தார். இவர் ஆங் சொன்னார். முகூர்த்தத்தன்று காய்ந்த தானியம் போய் இறங்கியது. அந்த மனிதர் கடைக்கு வந்து என்னைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சு என்று காய்ச்சிவிட்டுப் போனார். இவர் உள்ளே தேங்காய் அடுக்குவதுபோல் நின்றிருந்தார்.

"இன்னாங்க, கேட்டாரா இல்லியா?"

"கேட்டாரு. நானும் ஆங்னேன். பொய் சொல்லல."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்.

என் அப்பா இதற்கு நேர் எதிர். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். திருவாலங்காட்டுப் பக்கம் சர்க்கரை ஆலையில் கரும்பு எடைபோட்டு ஓய்வுபெற்றவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார், மத்தியானம் கடை நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். புதிதாக எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "நம்ம வழக்கத்துல இல்ல." சப்பாத்திக்கு அந்தப் பதில், வாசலில் டைல்ஸ் போடுவதற்கு அந்தப் பதில். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. என் தங்கைக்கு முதலில் பேசிய இடத்தில், மாப்பிள்ளை அழைப்புக்குப் பானகம் வேண்டாம், இளநீர் கொடுங்கள் என்று கேட்டார்கள். நைனா, "நம்ம வழக்கத்துல பானகம்தான்" என்றார். அவர்கள் இன்னொரு முறை கேட்டார்கள். இவரும் இன்னொரு முறை அதையே சொன்னார். வார்த்தை தடித்தது, அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஒரு இளநீரில் கல்யாணம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நைனாவிடம் தங்கை பேசியதெல்லாம் "சாப்பிட்டியா", "மாத்திரை போட்டுக்கினியா" என்ற அளவோடு சரி.

தங்கை சென்னையில் ஒரு கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். இப்போது எங்கள் வீட்டு மாடியிலிருந்தே வேலை. முளைப்பாலிகைச் சண்டை அன்று மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "அக்கா, பைத்தான்ல ஒண்ணு எழுதித் தரேன். ஆர்டர் வந்தா அதுல போடு. பாவா தலையில போடாத" என்றாள். பாவா என்றது என் வீட்டுக்காரரை. அவரும் அதற்கு "ஆங்" என்றார்.

கடைக் கம்ப்யூட்டரில் அவள் எழுதியதற்குப் பெயர் ஃபங்ஷன். எங்கள் கடையில் ஃபங்ஷன் என்றால் கல்யாணம், காதுகுத்துதான். அவள் விளக்கினாள்: இது ஒரு வேலையைச் செய்து தருகிற ஆள் மாதிரி. அந்த வேலைக்கு என்னென்ன தெரியவேண்டுமோ அவற்றை அடைப்புக்குறிக்குள் பெயர் சொல்லிக் கொடுக்கவேண்டும். பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே குஷி. ஃபங்ஷனுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்தோம். வழக்கமான சாமான்கள் எல்லா மூட்டைக்கும் பொது என்பதால் தேதி, இடம், தாம்பாளம் என்று அதற்கு மூன்றே விவரம். நான் ஆசையாக உட்கார்ந்து முதல் ஆர்டரைத் தட்டினேன்.

மூட்டை(தேதி="வெள்ளி", இடம்="மலை", தாம்பாளம்=11, அம்மி=1)

திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாக வரிகள் கொட்டின.

"இது இன்னாடி, திட்டுது?"

"அம்மின்னு ஒண்ண அது எதிர்பார்க்கலியாம்க்கா. அதுக்குத் தெரிஞ்சது மூணுதான். நாலாவதா எது வந்தாலும் ஒத்துக்காது, அங்கயே நின்னுடும்."

"அப்படியே நைனா."

நாற்காலியில் இருந்த நைனா பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். தங்கை சிரிக்கவில்லை. எனக்குத்தான் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அவள் திரும்பி ஒரு சின்ன திருத்தம் செய்தாள். அடைப்புக்குறிக்குள் மூன்று பெயருக்கும் கடைசியில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு, ஒட்டினாற்போல் 'மற்றவை' என்று எழுதினாள். அவ்வளவுதான். நான் மறுபடி தட்டினேன். அம்மி சத்தமில்லாமல் உள்ளே போனது.

"இனிமே நீ பேர் வெச்சு எதை அனுப்பினாலும் வாங்கிக்கும்க்கா. பேரையும் பொருளையும் ஜோடி ஜோடியா சேர்த்து மற்றவைன்ற பையில போட்டு வெச்சிக்கும். நாளைக்கு எவன் இன்னா கேப்பான்னு இன்னிக்கே நமக்குத் தெரியணும்னு இல்ல."

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. எங்கள் தொழிலே அதுதானே. திருத்தணி மலையில் ஒரு முகூர்த்த நாளில் தாலி கட்டுகிறவர்களில் பாதிப் பேர் ஆந்திராப் பக்கம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம், அந்த வீட்டுக்குள்ளேயே பெரியப்பா வழிக்கு வேறு வழக்கம். வாழைமரம்="குலையோடு" என்று போட்டுப் பார்த்தேன், வாங்கிக்கொண்டது. தவில்காரருக்கு="சர்க்கரை இல்லாத காபி" என்று போட்டேன், அதையும் வாங்கிக்கொண்டது. தேதியைப் போடாமல் விட்டால் மட்டும் கத்தும். கத்தட்டும், தேதி இல்லாமல் என்ன கல்யாணம்? வியாபாரம் இல்லாத நேரங்களில் அவளை மாடியிலிருந்து கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு, நானே நாலு வரி எழுதும் அளவுக்குத் தேறிவிட்டேன். அவள் கல்யாணமாகிப் போய்விட்டால் எவனிடம் போய் நிற்பது?

அந்தக் கல்யாணமும் அமைந்தது. தங்கைக்கு முப்பத்திநாலு வயது. மாப்பிள்ளை நகரிப் பக்கம், தெலுங்குக் குடும்பம், அவள் கம்பெனியிலேயே வேலை. நல்ல பையன். அவன் அம்மாவுக்குத்தான் அரை மனசு. நம்ம ஊர்ப் பக்கம் எந்தச் செய்தி நிற்கும்? இளநீர்க் கதை அந்த அம்மா காதுக்கும் போயிருந்தது. நிச்சயத்துக்கு வந்தபோது மெதுவாகத்தான் பேசினார்.

"நாங்க ஒண்ணும் கேக்கறதில்லீங்க. உங்க முறைப்படியே நடத்துங்க. ஆனா முகூர்த்தம் வர்ற வரைக்கும் பொண்ணுக்கும் புள்ளைக்கும் நடுவுல ஒரு திரை பிடிக்கணும். புதுத் துணியா இருக்கணும், யாரும் கட்டியிருக்கக் கூடாது. சீரகம் வெல்லம் தலையில வெச்சப்புறம்தான் திரைய எடுக்கணும். என் மாமியாரு, நானு, எங்க வூட்டுக்கு வந்த எல்லாருமே அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் உக்காந்துதான் வந்தோம். அது இல்லாம ஒரு பொண்ண கூட்டினு போனா எம் மனசு ஒப்பாதுங்க."

நைனா வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அந்தச் சந்தில் என் வீட்டுக்காரர் புகுந்து, "ஆங், வெச்சிடலாங்க" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய ஆங் எனக்கு இனித்தது அன்றைக்குத்தான். ஆனால் சம்பந்தியம்மா கண் நைனா மேலேயே இருந்தது. திரை வருமா வராதா என்று அந்தப் பார்வை கேட்டுக்கொண்டிருந்தது. தங்கையும் அதைப் பார்த்தாள்.

அவள் அன்றைக்கே கடைக்கு வந்து தன் கல்யாண மூட்டையைத் தானே தட்டினாள். எங்கள் தமிழ் மூட்டைதான், கடைசியில் திரை="புதுசு". "போட்டுட்டேன்க்கா, இனிமே பாவாவ நம்ப வேணாம்" என்றாள்.

அதுவரைக்கும் ஆர்டரை நான் கம்ப்யூட்டரில் பார்த்து, கடையில் மூட்டை கட்ட வருகிற வேலைக்கார அம்மாவுக்கு வாயால் சொல்வேன். கல்யாணத்துக்கு முந்தைய வாரம், அக்காவுக்கு அலைச்சல் இருக்கக் கூடாது என்று தங்கை இன்னொரு ஃபங்ஷன் எழுதினாள். அதற்குப் பெயர் 'அடுக்கு', அதன் அடைப்புக்குறியிலும் கடைசியில் இரண்டு நட்சத்திரத்தோடு மற்றவை. மூட்டை வாங்கிக்கொண்டதை அடுக்கு அச்சடித்துச் சீட்டாகத் தரும், அந்த அம்மா சீட்டைப் பார்த்துக் கட்டவேண்டியது. அந்த வழியாகப் போன முதல் மூட்டை அவளுடையதேதான்.

முகூர்த்தத்தன்று காலை மலையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கல்யாணம், அந்தப் பக்கம் ஒரு கல்யாணம். யார் வீட்டு மேளம் யாருக்கு அடிக்கிறது என்றே தெரியவில்லை. நான் மூட்டையைப் பிரித்து மணமேடையில் பரப்பினேன். எல்லாம் இருந்தது. திரை மட்டும் இல்லை. கோணிப்பையை உதறினேன். மூட்டை கட்டிய அம்மாவைத் தேடிப் பிடித்தேன். "சீட்டுல இல்லம்மா, நான் இன்னா பண்ணுவேன்" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான்.

முதலில் என் வீட்டுக்காரர் மேல்தான் பாய்ந்தேன். அந்த மனுஷன் பாவம், "இந்த ஒரு வாட்டி எம்மேல தப்பில்லடி" என்று முழித்தார். திரைத்துணி கடையில் இருக்கிறது, சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். மலைப்பாதை முழுக்க வேன்களும் கார்களும் ஹாரன் அடித்தபடி நின்றிருந்தன. அவர் போய்த் திரும்புவதற்குள் முகூர்த்தம் போய்விடும் என்று பார்த்ததுமே தெரிந்தது.

தங்கையை அலங்கரித்துக்கொண்டிருந்த அறைக்கு ஓடினேன். சொன்னதும் அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் வாயிலிருந்து வந்தது, "செல்போனக் குடுக்கா". தலையில் நெத்திச்சுட்டி, கையெல்லாம் வளையல், மடியில் செல்போன். கடைக் கம்ப்யூட்டரோடு அதை இணைத்து வைத்திருந்தாள், அதிலேயே மூட்டை ஃபங்ஷனைத் திறந்து விரலால் மேலே தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"நான்தான்க்கா. வாங்கிக்கினேன், குடுக்கல."

எட்டிப் பார்த்தேன். இரண்டு நட்சத்திரத்தோடு மற்றவையை மூட்டை ஒழுங்காக வாங்கியிருந்தது. ஆனால் அது அடுக்கைக் கூப்பிடுகிற இடத்தில் தேதி, இடம், தாம்பாளம் மூன்றை மட்டும் நீட்டியிருந்தாள். மற்றவை பைக்குள்ளேயே கிடந்தது. வாங்கும்போது போட்ட இரண்டு நட்சத்திரத்தை, கொடுக்கும்போதும் போட்டு அந்தப் பையைப் பிரித்துத் தரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குத் தெரியாது. பைத்தானும் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டதற்கு ஆங் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டது.

"பாவா மாதிரியே ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "அக்கா, இதுவும் நின்னுடுமா? அந்தம்மா ஒண்ணுதான் கேட்டாங்க. அது இல்லன்னா நைனா இன்னா சொல்லுவாரு, உனக்குத் தெரியுமில்ல."

"மையி கலையுது, அழாத" என்று அதட்டினேன். நான் வெளியே போகத் திரும்பினேன், முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"இத்த சரி பண்ணிட்டுப் போ. கண்ணு கலங்கி எனக்கு எழுத்தே தெரியல. இன்னிக்கு சாயங்காலம் நம்ம கடையிலருந்து இன்னும் ரெண்டு வூட்டுக்கு மூட்டை போவுது."

கல்யாணப் பெண் சொல்லச் சொல்ல, அடுக்குக்கான அடைப்புக்குறிக்குள் தாம்பாளத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளி, இரண்டு நட்சத்திரம், மற்றவை என்று கட்டைவிரலால் தட்டினேன். இந்தக் கூத்தை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

மணமேடைக்குப் போனபோது சம்பந்தியம்மா சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்த கிண்ணத்தோடு நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் நைனா. மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

"அத்தை, திரை கடையிலயே நின்னுபோச்சு. அவரு எடுத்தாரப் போயிருக்காரு. வண்டி நகரல."

சம்பந்தியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூட எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். ஐயர், "நேரம் ஆறதும்மா, திரை இல்லாமயே பண்ணிடலாமே, உங்க பக்கம்தான் அந்த வழக்கம் இல்லையே" என்று நைனாவைப் பார்த்தார். நைனாவுக்கு இதைவிட வசதியாக யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது. இந்தத் தடவை கிள்ளுவதற்கு நான் பக்கத்திலும் இல்லை.

நைனா குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து தன் மஞ்சப்பையை எடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்தக் கல்யாணத்துக்காக ஆர்.கே.பேட்டையில் தெரிந்த நெசவுக்காரரிடம் சொல்லி நெய்து வாங்கிய எட்டு முழ வேட்டி, அகல ஜரிகை. தாலி கட்டியதும் அதை உடுத்திக்கொண்டு சாமி கும்பிடப் போகவேண்டும் என்று வைத்திருந்தார். என்னைக்கூடத் தொடவிடவில்லை, மடிப்பு கலைந்துவிடுமாம்.

"இது புதுசுங்க" என்று நீட்டினார். "யாரும் கட்டல. ஆவுமா பாருங்க."

சம்பந்தியம்மா வேட்டியைப் பிரித்துப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அவர் தயங்கினார்.

"ஆவும்ணா. ஆனா நடுவுல மஞ்சள் குழைச்சிப் பூசி, குங்குமம் வெக்கணும். அப்புறம் கறை போவாதுங்க. நீங்க கட்ட முடியாது."

நைனா அந்த ஜரிகையை ஒரு தடவை பார்த்தார்.

"ஆங்" என்றார்.

என் நைனா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சம்பந்தியம்மா உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூசி நடுவில் குங்குமம் வைத்தார். வேட்டியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நைனா பிடித்தார். தங்கையைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். எதிரே மஞ்சள் பூசிய துணியைப் பார்த்தாள், அது எதுவென்று புரிந்தது, அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. மேளம் கொட்டியது, சீரகம் வெல்லம் வைத்தார்கள், திரை இறங்கியது, தாலி ஏறியது. நான் அழுதுகொண்டே அட்சதை போட்டேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வியர்வையில் நனைந்த சட்டையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "திரை வந்துட்டுது" என்று துணியைத் தூக்கிக் காட்டினார். மண்டபமே சிரித்தது. அவரும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

நைனா வேட்டியை மடித்துச் சம்பந்தியம்மா கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு நகரவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"வேற ஏதாவது இருக்குதுங்களா? உங்க பக்கத்துல செய்யறது, எங்களுக்குத் தெரியாம விட்டது?"

"ஒண்ணும் இல்லீங்கண்ணா. நெறைஞ்சிப்போச்சி." சம்பந்தியம்மா வேட்டியை மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "காலையிலருந்து விரதம். ஒரு இளநி கிடைச்சா நல்லா இருக்கும்."

எங்கள் பக்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தங்கை மணையில் உட்கார்ந்தபடியே விறைத்துப்போனாள். என் வீட்டுக்காரர் வழக்கம்போல் "ஆங்" என்று கிளம்பப் பார்த்தார். நைனா அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்துவிட்டு, தானே செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.

வெகுநேரம் ஆளைக் காணோம். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் இரண்டு இளநீர், சீவி, குழல் போட்டு. ஒன்றைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மணமேடை ஏறினார். தங்கையின் கை மாப்பிள்ளை கையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. நைனா அவள் முன்னால் மண்டியிட்டு, குழலை அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"இன்னொண்ணு வேணுமா?" என்றார் நைனா.